கைரேகையும் கைபேசியும்

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘அக்கம்பக்கம்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சண்டை வராமல் பேச முடியாத தலைப்பு. அதனால் பக்கத்து வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கொஞ்சம் தள்ளி, 1930இல் ஆரம்பிக்கிறேன்.

அந்த வருடம் இந்தச் சுரங்கங்களில் ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அன்றைக்குத் தொழிலாளிக்குச் சங்கம் கிடையாது. இன்னார்தான் தலைவர் என்று கைகாட்ட ஒருவரும் இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான பேர் ஷாஃப்டில் இறங்க மாட்டோம் என்று ஏறக்குறைய மூன்று வாரம் நின்றார்கள். கூலி குறைவுதான், வீடு தட்டி வீடுதான், கீழே போனவன் மேலே வருவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லைதான். இத்தனை இருந்தும் நெருப்பைப் பற்ற வைத்தது வேறொன்று. வேலைக்கு இருப்பவர்கள் எல்லோரும் பெயரைப் பதிந்து கைரேகை வைக்க வேண்டும் என்று ஒரு புது ஏற்பாடு வந்தது. மாட்டோம் என்றார்கள்.

இன்றைக்கு ரேஷன் கடையில் ரேகை வைக்கிறோம், சிம் கார்டு வாங்க வைக்கிறோம். ‘இதற்கா மூன்று வாரம் பட்டினி கிடந்தார்கள்?’ என்று நம் பிள்ளைகளுக்குத் தோன்றும். அந்தத் தலைமுறைக்கு ரேகை என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் இன்னும் பத்து வருடம் பின்னால் போக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்தில் பெருங்காமநல்லூர் என்று ஒரு கிராமம். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி அந்த ஊர் ஆண்களைப் பதிவு செய்து ரேகை எடுக்கப் போனார்கள். ஊர் எதிர்த்தது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் செத்தார்கள். அந்தப் பக்கத்தில் இன்னமும் அதற்கு ரேகைச் சட்டம் என்றுதான் பெயர். ஒருவன் திருடினானா இல்லையா என்று பார்க்காமல், இவன் திருடக்கூடிய ஆள் என்று பிறப்பிலேயே முடிவு கட்டிய சட்டம் அது. இங்கே ரேகை கேட்டபோது நம் பாட்டன்களுக்குப் பட்டதும் அதேதான்: நம்மைக் கள்ளன் என்று எழுதி வைக்கிறான்.

அப்படிப் படுவதற்கு உள்ளூரிலேயே காரணம் இருந்தது. 1897இல் மைசூர் சமஸ்தானம் சுரங்கத் திருட்டுக்கென்று தனிச் சட்டம் போட்டது. ஒருவன் கையில் தங்கம் கலந்த கல்லோ மண்ணோ சுரங்கச் சாமானோ அகப்பட்டால், அது எப்படி வந்தது என்று அவன்தான் கணக்குச் சொல்ல வேண்டும். சாதாரணமாகக் குற்றம் சொல்கிறவன்தானே நிரூபிக்க வேண்டும்? இங்கே அந்தப் பாரம் இடம் மாறி, சொல்லப்பட்டவன் தலையில் ஏறியது. இதோடு காவலுக்குப் பஞ்சாபிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து ‘வாட்ச் அண்டு வார்டு’ வைத்தார்கள். இதையெல்லாம் விரிவாகப் படிக்க விரும்புகிறவர்கள் வரலாற்றாய்வாளர் ஜானகி நாயர் இந்த ஊரைப் பற்றி எழுதியவற்றைத் தேடிப் பாருங்கள். தங்கவயலின் வேலை, குற்றம், தண்டனை மூன்றையும் சேர்த்து வைத்து எழுதியிருக்கிறார்.

திருட்டே நடக்கவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. நடந்தது. ஆனால் ஒரு திருடனைப் பிடிப்பதற்காக ஒரு ஊரையே திருடன் வரிசையில் நிறுத்தினார்கள். (இங்கிருந்து முறைப்படி ரசீது போட்டுக் கப்பலேறி லண்டன் பங்குதாரர்களுக்குப் போன தங்கத்தை என்ன பெயரிட்டு அழைப்பது என்பது வேறு கூட்டத்துக்கான விஷயம்.)

‘சொன்னவன் நிரூபிக்க வேண்டாம், சொல்லப்பட்டவன் நிரூபிக்கட்டும்.’ இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஏற்பாட்டைப் பற்றித்தான். சுரங்கத்தை நடத்திய வெள்ளைக்காரக் கம்பெனி போய்விட்டது. அதற்குப் பின் வந்த அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸையும் 2001 பிப்ரவரி 28இல் மூடிவிட்டார்கள். இந்த ஏற்பாடு மட்டும் மூடப்படவில்லை. அதை இப்போது நாமே, நமக்குள்ளேயே, சம்பளம் இல்லாமல் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

எப்படி என்று சொல்கிறேன். விடியற்காலையில் மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போய் நின்று பாருங்கள். சாப்பாட்டுப் பையும் கையுமாக ஓடி வருகிற கூட்டம். ஷட்டர் போட்ட ஷாஃப்டுகளுக்கும், தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண் குவிந்த சயனைடு மேட்டுக்கும் நடுவில் புறப்படும் ரயில், பங்காருப்பேட்டை வழியாகப் போய் இவர்களைப் பெங்களூரில் கொட்டுகிறது. ராத்திரிதான் திரும்புகிறார்கள். இன்னொரு கூட்டம் இதற்கு நேர்மாறு: சாயங்காலம் போய் விடிந்து வருகிறது. அமெரிக்காக்காரனுக்குப் பகல் என்றால் நம் பெண்ணுக்கு ராத்திரி வேலை. கழுத்தில் கம்பெனி அட்டை, காதில் ஒயர், கண்ணில் தூக்கம். சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுத் திருப்பத்தில் அவள் நுழையும்போது குழாயடியில் நாலு பேர் நிற்கிறார்கள். அவள் தாண்டிப் போகிற வரைக்கும் பேச்சு நிற்கிறது, அப்புறம் தொடர்கிறது. அந்த நாலு பேரில் ஒருத்தர் வீட்டுப் பையனும் அதே ராத்திரி வேலைக்குத்தான் போகிறான். அவனுக்குப் பெயர் ‘பாவம், ராத்திரியெல்லாம் உழைக்கிறான்.’

பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற ஆணுக்கும் ஒரு பெயர் உண்டு: குடிகாரன். ஆறு மாதம் பேசாமல் குடியிருக்கிற வாடகைக்காரனுக்கு ஒரு பெயர்: ஏதோ கேஸில் இருக்கிறான் போல. இதெல்லாம் அந்தக் காலத்திலும் இருந்த வம்புதானே என்பீர்கள். இருந்தது. குழாயடியில் சொன்ன வம்பு குழாயடியிலேயே மாட்டிக்கொள்ளும். இப்போது தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி நம்பரைப் படம் எடுத்து, கேள்விக்குறி ஒன்று போட்டு, ‘உஷார்’ என்று எழுதி அனுப்பினால் போதும். தட்டச்சு செய்தவருக்கு அரை நிமிஷம் செலவு. அந்த வண்டிக்காரர் யார் யாரிடம் போய் ‘நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று சொல்வார்? குழுவில் அவரைச் சேர்க்கவே இல்லை.

இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று கேட்டால், போளூரில் போய் முடிந்திருக்கிறது.

போளூர் நமக்கு அந்நியம் இல்லை. நம்மில் பாதிப் பேருக்குக் கொள்ளுத்தாத்தா ஊர் பழைய வட ஆர்க்காடு ஜில்லாதான். 2018 மே 9ஆம் தேதி, சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் புறப்பட்டது. 65 வயது அம்மா ஒருவர், கூட உறவினர்கள். அதில் மலேசியாவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். போளூர் பக்கத்தில் அத்திமூர் அருகே உள்ள குலதெய்வக் கோயிலுக்குப் போக வேண்டும். வழி தெரியவில்லை, நிறுத்திக் கேட்டார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு அந்த அம்மா சாக்லேட் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த சாக்லேட்.

ஊரில் அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு: வடநாட்டுப் பிள்ளை பிடிக்கிறவர்கள் இறங்கியிருக்கிறார்கள், குழந்தைக்கு மிட்டாய் காட்டி மயக்குகிறார்கள். எல்லார் கைபேசியிலும் அதைப் பற்றிய வீடியோ. சாக்லேட்டைப் பார்த்தவர் போன் போட்டார். அடுத்த ஊரில் காரை மறித்தார்கள். காரில் இருந்தவர்கள் பேசியது தமிழ். சொன்னது குலதெய்வம். கேட்டது கோயிலுக்கு வழி. அதைக் கேட்க ஒருவரும் தயாராக இல்லை. அந்த அம்மா அங்கேயே செத்தார், மற்றவர்களுக்குப் பலத்த அடி.

குலதெய்வம் கும்பிட வருகிறவர் யார்? ஒரு காலத்தில் அந்த மண்ணை விட்டுப் பிழைக்கப் போன குடும்பத்தின் வாரிசு. நாமும் அப்படித்தான் வருஷத்துக்கு ஒரு தரம் வண்டி பேசிக்கொண்டு போகிறோம். வழியில் நிறுத்தி, ‘அண்ணே, அம்மன் கோயிலுக்கு எப்படிப் போகணும்?’ என்று கேட்கிறோம். நம் பேச்சில் கன்னடம் கலந்திருப்பதைக் கேட்டு அங்கே ஒரு புருவம் உயர்வதையும் பார்த்திருக்கிறோம். அத்திமூர் பக்கத்தில் அடிபட்டவர்கள் வெளியாட்கள் என்று அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அடிபட்டது அவர்களுடைய பங்காளி வழி.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை 13ஆம் தேதி, நம் மாநிலத்தின் வடகோடியில் பீதர் மாவட்டம் முர்கி கிராமத்தில் இதே கதை. ஹைதராபாத்தைச் சேர்ந்த இளம் சாஃப்ட்வேர் என்ஜினியர் ஒருவர் நண்பர்களோடு காரில் வந்தார். நண்பர்களில் ஒருவர் கத்தார் நாட்டுக்காரர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். மறுபடியும் சாக்லேட்! அந்த என்ஜினியரை அடித்தே கொன்றார்கள். அதற்கு முன்பே மே மாதத்தில் பெங்களூரு சாம்ராஜ்பேட்டையில் பிழைக்க வந்த ராஜஸ்தான் வாலிபர் ஒருவர் இதே சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார்.

அந்த நாட்களில் சுற்றிய வீடியோக்களில் ஒன்றின் கதையைக் கேளுங்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இரண்டு பேர் தெருவில் விளையாடும் பையனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தவர் நெஞ்சு பதறும். அது கராச்சியில், குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்ல எடுத்த விழிப்புணர்வுப் படம். அசல் படத்தின் கடைசியில் பையனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகம் ஒன்றையும் காட்டுகிறார்கள். யாரோ கடைசியை மட்டும் வெட்டிவிட்டார்கள். குழந்தைகளைக் காப்பாற்ற எடுத்த படத்தின் பேரில் இங்கே மனிதர்களைக் கொன்றோம். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஐந்து குழுவுக்கு அனுப்பினால் ஆயிரம் பேர் ஆயிற்றே என்று கேட்காதீர்கள்.

படிப்பில்லாத கிராமத்தார்கள், அதனால்தான் இப்படி என்று சிலர் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இங்கிலாந்துக் கதை ஒன்று வைத்திருக்கிறேன். நார்பர்ட் எலியாஸ், ஜான் ஸ்காட்சன் என்ற இரண்டு சமூகவியல் அறிஞர்கள் லெஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரை ஆராய்ந்து 1965இல் புத்தகம் போட்டார்கள். ஊர்க்காரர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று ஊருக்கு வின்ஸ்டன் பார்வா என்று கற்பனைப் பெயர் வைத்தார்கள். அங்கே இரண்டு தொழிலாளர் குடியிருப்புகள். ஒன்று பழசு, தலைமுறையாக இருப்பவர்கள். மற்றது புதுசு, போர்க்காலத்தில் லண்டனில் குண்டு விழுந்தபோது வந்தவர்களும் அதில் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே நிறம், ஒரே மொழி, ஒரே மாதிரி வேலை, ஏறக்குறைய ஒரே கூலி. சாதி கிடையாது, மத வித்தியாசம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வித்தியாசம்: யார் முதலில் வந்தவர்.

அது போதுமாக இருந்தது. புதுக் குடியிருப்புக்காரர்கள் அழுக்கு, அவர்கள் பிள்ளைகள் ரவுடி என்று பழையவர்கள் பேசினார்கள். பேச்சு எப்படி ஓடியது என்று எலியாஸ் கவனித்திருக்கிறார். தங்களைப் பற்றிப் பேசும்போது தங்களில் நல்ல நாலு குடும்பத்தை எடுத்துக்காட்டினார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது அங்கிருந்த மோசமான நாலு குடும்பத்தை எடுத்துக்காட்டினார்கள். இரண்டுமே உண்மைக் குடும்பங்கள்தான், பொய் ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்று. ஆராய்ச்சி ஆரம்பித்தபோது புதுக் குடியிருப்புப் பையன்கள் சிலர்மேல் போலீஸ் வழக்குகள் கொஞ்சம் அதிகமாக இருந்தன. ஆராய்ச்சி முடிவதற்குள் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கெட்ட பெயர் மட்டும் மறையவில்லை.

இதைப் படித்தபோது, பெங்களூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் நம் பிள்ளைகள்தான் என் கண்ணில் நின்றார்கள். ‘எந்த ஊர்?’ ‘கேஜிஎஃப்.’ அப்புறம் சின்ன மௌனம். பழைய ஆட்களுக்குத் தங்கவயல் என்றால் ரவுடி ஊர். இளைய ஆட்களுக்கு 2018இலும் 2022இலும் வந்த சினிமா. அடுத்த கேள்வி, ‘வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?’ அந்தக் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது இல்லை, சாதியைப் பற்றியது என்று இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. காவிரிப் பிரச்சினை வந்தால் இன்னொரு முடிச்சு சேரும். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பார்த்துப் பேருந்துகளைக் கொளுத்தினார்கள். அதே சமயம் சென்னை மயிலாப்பூரில் கர்நாடகக்காரர் ஓட்டல் என்று பார்த்துப் பெட்ரோல் குண்டு வீசினார்கள். இந்த இரண்டுக்கும் கொஞ்சம் முன்னால் பெங்களூரில் ஒரு தமிழ்ப் பையனைப் பிடித்து அடித்து, மன்னிப்புக் கேட்க வைத்து, அதைப் படமும் எடுத்துப் பரப்பினார்கள். கன்னட நடிகர்களைப் பற்றி இணையத்தில் கிண்டல் போட்டான் என்பது குற்றச்சாட்டு. பேருந்துக்குக் காவிரி தெரியாது, இட்லிக்கும் தெரியாது.

2012 ஆகஸ்டில் பெங்களூரு ஸ்டேஷனில் அஸ்ஸாம், மணிப்பூர், நாகாலாந்துப் பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு அலைமோதியதும் உங்களுக்கு நினைவிருக்கும். ரம்ஜான் முடிந்ததும் வடகிழக்குக்காரர்களைத் தாக்கப் போகிறார்கள் என்று செல்போன் செய்தி ஒன்று பரவியது. சில நாளில் பல்லாயிரம் பேர் ஊரை விட்டுப் போனார்கள், ரயில்வே தனி ரயில் விட வேண்டி வந்தது. மத்திய அரசு மொத்தமாகச் செய்தி அனுப்புவதையே கொஞ்ச நாள் தடுத்து, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து செய்தி என்று அளந்து கொடுத்தது. அந்த வதந்தி இரண்டு தரப்பைப் பாதித்தது. போனவர்கள் உயிருக்குப் பயந்து போனார்கள். இருந்தவர்கள், முக்கியமாக அவர்கள் பக்கத்து வீட்டு முஸ்லிம்கள், செய்யாத கொலைக்கு முன்கூட்டியே கொலைகாரர் ஆனார்கள். சில முஸ்லிம் பெரியவர்கள் ஸ்டேஷனுக்கே போய்ப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். கிளம்பிவிட்ட பயம் கேட்குமா?

இப்போது நம் மாவட்டத்துக்கே வருகிறேன். நரசாபுரம். இங்கிருந்து எத்தனை பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று கை தூக்கச் சொன்னால் பாதி அரங்கம் தூக்கும். 2020 டிசம்பர் 12ஆம் தேதி காலை, அங்கே ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலையில் கலவரம். ஷிஃப்ட் முடித்த தொழிலாளர்கள் கண்ணாடிகளை உடைத்தார்கள், வண்டிகளைக் கவிழ்த்தார்கள். சாயங்காலத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. டிவியில், செல்போனில், டீக்கடையில் ஒரே வாசகம்: கூலிக்காரப் பயல்கள், ஆயிரக்கணக்கில் ஐபோன் திருடிவிட்டார்கள், நாட்டுக்கு வந்த முதலீட்டைக் கெடுத்தார்கள். போலீஸில் கொடுத்த புகாரில் நஷ்டம் 437 கோடி ரூபாய் என்று இருந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள்.

ஒரே வாரம். நஷ்டம் ஏறக்குறைய 26 கோடியிலிருந்து 52 கோடிக்குள் இருக்கும் என்று கம்பெனியே கணக்கைத் திருத்தியது. சில தொழிலாளர்களுக்குச் சரியாக, சரியான நேரத்தில் சம்பளம் தரவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது, இந்தியத் தொழிலைப் பார்த்துக்கொண்ட துணைத் தலைவரை நீக்கியது. ஆப்பிள் நிறுவனமும் தன் விதிகள் மீறப்பட்டிருக்கின்றன என்று சொல்லி, சரிசெய்யும் வரை புது ஆர்டர் கிடையாது என்று நிறுத்தி வைத்தது. உடைத்தது நியாயம் என்று நான் வாதாட வரவில்லை. 437 கோடியை எத்தனை பேர் அனுப்பினார்கள், திருத்திய கணக்கை எத்தனை பேர் அனுப்பினார்கள்? உங்கள் போனை எடுத்துப் பழைய செய்திகளைத் தேடிப் பாருங்கள். 1897இல் சமஸ்தானம் நம் பாட்டனைப் பார்த்த பார்வையை, 2020இல் நாம் நரசாபுரத்துப் பையனைப் பார்க்கக் கடன் வாங்கிக்கொண்டோம். அவர்களில் நம் வீட்டுப் பையனும் இருந்தான்.

இன்னொன்று, இது நமக்கே நாம் செய்துகொண்டது. சிலிகோசிஸ். பாறைத் தூள் நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கிற நோய். இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய ஆரம்பகாலப் பதிவுகள் நம் சுரங்கத்திலிருந்துதான் வந்தன. 1940களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அது இருந்தது. அதற்கு நஷ்ட ஈடு கொடுக்க மைசூரில் விதிகளும் வந்தன. இவ்வளவும் காகிதத்தில் இருந்தது. லைனில் என்ன இருந்தது? வாசல் படியில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்து, இரண்டு வார்த்தை பேச மூன்று தரம் இருமுகிற மனிதர். தெரு அவரை எப்படிப் படித்தது என்று வயதானவர்களைக் கேளுங்கள். டி.பி., கிட்டே போகாதே. சாராயத்தால் குடல் வெந்துவிட்டது. வேலைக்குப் போகச் சோம்பல், நடிக்கிறான். அவர் டம்ளரைத் தனியாக வைத்தார்கள், அவர் வீட்டில் பெண் எடுக்க யோசித்தார்கள். நோயைக் கொடுத்தது கல், பெயரைக் கொடுத்தது பக்கத்து வீடு. அதில் கொஞ்சம் பேருக்கு டி.பி.யும் சேர்ந்தே இருந்தது, சிலர் குடிக்கவும் செய்தார்கள். அதனால்தான் அந்தப் பெயர் அவ்வளவு கெட்டியாக ஒட்டிக்கொண்டது. முழுப் பொய்யைத் துடைத்துவிடலாம், கால் பங்கு நிஜம் கலந்ததைத் துடைப்பது கஷ்டம்.

அந்தக் காலத்து லைன் வீடு சொர்க்கம், எல்லாரும் தாயாய்ப் பிள்ளையாய் இருந்தார்கள் என்று மேடையில் பேசுவது இந்த ஊரில் ஒரு வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. லைனில் வம்பு இருந்தது, சாதி இருந்தது, தெலுங்குக்காரர், தமிழர் என்று முணுமுணுப்பு இருந்தது. மேலே பங்களாவில் துரைமார், அதற்குக் கீழே ஆங்கிலோ இந்தியர், அதற்கும் கீழே நாம் என்று கம்பெனி போட்ட அடுக்கு இருந்தது. ஆனால் ஒரு சௌகரியம் இருந்தது. பழி சொன்னவர் யார் என்று பழிக்கு ஆளானவருக்குத் தெரியும். சாயங்காலம் வாசலில் வந்து நின்று, ‘என்னா பெரியம்மா, என் பையனைப் பத்தி என்னமோ சொன்னீங்களாமே?’ என்று கேட்க முடியும். பெரியம்மா ஒன்று மல்லுக்கு நிற்க வேண்டும், இல்லை மழுப்ப வேண்டும். எதுவாக இருந்தாலும் நாலு பேர் முன்னால் முகம் காட்டியாக வேண்டும். அதற்குப் பயந்தே பாதிப் பேச்சு வாய்க்குள் நின்றுவிடும். அடுத்த நாள் ஷிஃப்டில் பெரியம்மா வீட்டுக்காரரும் அந்தப் பையனின் அப்பாவும் சுரங்கத்துக்குள் இறக்கும் ஒரே கேஜில், அந்த இரும்புக் கூண்டில், இறங்க வேண்டியிருந்தது. பூமிக்குள்ளே பாறை வெடித்துச் சிதறும் ஏர் பிளாஸ்ட் நடந்தால் இங்கே மேலே வீட்டுப் பாத்திரம் உருளும். அடுத்த நிமிஷம் இரண்டு வீட்டுப் பெண்களும் ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள். யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அப்போது கூட வராது.

சுரங்கம் மூடியதும் அந்த ஒரே கேஜ் போனது. ஆளுக்கொரு ரயில், ஆளுக்கொரு ஷிஃப்ட், பெங்களூரில் ஆளுக்கொரு திசை. பக்கத்து வீட்டுக்காரரை நாம் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் அவர் துணி காயப்போடும்போது. ஒரு மனிதரை அறியப் போதுமான நேரம் நம்மிடம் இல்லை, அவரைப் பற்றிச் சொல்ல மட்டும் நேரம் இருக்கிறது. மனிதர்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. சொல்கிறவருக்குச் செலவே இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. செலவை மறுபடி சொல்கிறவர் தலையில் வைத்தால் போதும், பாதி சரியாகும். என் தெருவில் ஒரு வழக்கம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்: குழுவில் யாரைப் பற்றியாவது எழுதினால், எழுதுகிறவர் தன் பெயரையும் வீட்டு எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும், தான் கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா என்று சொல்ல வேண்டும், தவறு என்று தெரிந்தால் அதே குழுவில் திருத்த வேண்டும். தெருக்காரர்கள் சம்மதித்தார்களா என்று கேட்பீர்கள். மூன்றாவது நிபந்தனையில் இழுபறி நடக்கிறது.

அச்சுக்காகிதத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் இதே ஊரில் இருந்தார்கள். பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1914இல் மறைந்த பிறகு, அவர் நடத்தி நின்றுபோன ‘தமிழன்’ பத்திரிகையை 1926இல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்து மறுபடி கொண்டுவந்தார். இங்குள்ள சாம்பியன் ரீஃப் பௌத்தர்கள், சுரங்கத்தில் உழைத்தவர்களும் அவர்கள் கூட இருந்தவர்களும், அதற்குத் தோள் கொடுத்தார்கள். நீ பிறப்பிலேயே தாழ்ந்தவன் என்று யாராவது சொன்னால், எங்கே எழுதியிருக்கிறது, யார் எழுதினார், எப்போது எழுதினார் என்று திருப்பிக் கேட்பது அவர்கள் முறை. அதாவது நிரூபிக்கிற பாரத்தைச் சொன்னவன் தலைக்கே திருப்பி அனுப்பினார்கள். கேஜில் இறங்கிக் கூலி வாங்கியவர்கள் அதில் ஒரு பங்கைக் காகிதத்துக்கும் அச்சு மைக்கும் கொடுத்து இதைச் செய்தார்கள் என்பதை நம் பள்ளிக்கூடங்களில் யாராவது சொல்லித்தருகிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

முடிக்கும் முன் ஒரு நாட்டு நடப்பு. சயனைடு மேடுகளில் இன்னும் மிச்சத் தங்கம் இருக்கிறது. மூன்று கோடி டன்னுக்கு மேல் மண் அது. அதைத் திரும்ப அலசி எடுக்க ஏலம் விடுவதற்கு 2024இல் மாநில அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. நடக்குமா, எப்போது நடக்கும் என்பதைச் சுரங்கம் திறக்கிறது என்று இருபது வருடமாகக் கேட்டு அலுத்த உங்களிடம் நான் சொல்ல வேண்டாம். ஆனால் நடந்தால் ஆட்கள் வருவார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று வருவார்கள். சில பேர் இப்போதே கட்டட வேலைக்கு வந்து ஆண்டர்சன்பேட்டையில் ஒரு அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். ‘வடக்கத்தியான் வந்துட்டான், இனிமே ராத்திரி கதவைத் தாழ் போட்டுக்கணும்’ என்ற பேச்சைப் போன வாரம்கூடக் கேட்டேன். பேசியவருடைய பாட்டனார் செங்கம் பக்கத்திலிருந்து பஞ்சத்தில் நடந்து வந்தவர். மேஸ்திரி ஒருவர் மூலம் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் வந்தபோதும் இங்கே யாரோ தாழ் போட்டிருப்பார்கள்.

கேள்வி நேரம் இருக்கிறது என்று அவைத் தலைவர் சொல்கிறார். தாராளமாகக் கேளுங்கள், கோபமாகக்கூடக் கேட்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: கேள்வி ஊரில் யாரையாவது பற்றி இருந்தால், அந்த ஆள் அரங்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் பார்த்துவிட்டு, இருந்தால் மைக்கை அவர் கையில் கொடுத்துவிடுவோம்.